மகன் கையில் சியாபு: போலீசா, ஏஏடிகேயா, ஆஸ்பத்திரியா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டியூஷன் முடிந்து பிள்ளைகள் கிளம்பிய பிறகு ஓர் அக்கா வந்தார். தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த லயத்தில் இருந்தவர். தோட்டம் கைமாறியபோது எல்லாரையும் போல அவரும் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுன் பக்கம் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் மைலோ பாக்கெட். உள்ளே பழைய துணியில் சுற்றிய ஒரு கண்ணாடிக் குழாய். விரல் நீளம், ஒரு முனையில் சின்ன உருண்டை. உருண்டையின் அடி கருகியிருந்தது, உள்ளே வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. சியாபு, அதாவது மெத்தம்பெட்டமைன் என்ற போதைப்பொருளைப் புகைக்கும் குழாய். பத்தொன்பது வயது மகனின் மோட்டார் சீட்டுக்கு அடியில் கிடைத்ததாம்.

"டீச்சர், போலீசுக்குப் போன் போடவா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

அவரை உட்காரவைத்து முதலில் சொன்னது, அந்தக் குழாயை இனிமேல் தூக்கிக்கொண்டு ரோட்டில் நடக்காதீர்கள் என்பதுதான். உள்ளே ஒட்டியிருப்பதும் சட்டத்தின் கண்ணில் போதைப்பொருள். அது பெற்றவள் கையில் இருந்தாலும் கேள்வி வரும். அதைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துப்போனது. மகனைக் காப்பாற்ற வந்தவருக்குத் தானும் மாட்டலாம் என்ற பயம் சேர்ந்துகொண்டது. இந்தப் பயத்தைப் பதினைந்து வருடத்துக்கு முன் என் அம்மாவின் முகத்தில் பார்த்திருக்கிறேன். என் தம்பிக்கு அப்போது ஹெராயின் பழக்கம்.

அன்றைக்கு அந்த அக்காவுக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இந்த ஊரில் இதே கேள்வியோடு இன்னும் பல வீடுகள் இருக்கின்றன. மூன்று நான்கு வழிகள்தான் உண்டு. ஒவ்வொன்றும் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும். ஏனென்றால் நம் நாட்டில் ஒரே பையனின் அதே சிறுநீர், எந்த வாசலில் கொடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து, ஓரிடத்தில் குற்றத்துக்குச் சாட்சி, இன்னோரிடத்தில் நோய்க்கு டெஸ்ட்.

போலீசிலிருந்து தொடங்குகிறேன், பெற்றோர் முதலில் நினைப்பது அதைத்தான். "உள்ளே நாலு நாள் இருந்தா புத்தி வரும்" என்று நம் ஆட்கள் சொல்வார்கள். 1983 பிப்ரவரி 19-ஆம் தேதி, அன்றைய பிரதமர் மகாதீர் போதைப்பொருளை நாட்டின் பாதுகாப்புக்கு எதிரி என்று அறிவித்தார். அதே வருடம் கடத்தலுக்குத் தூக்குத் தண்டனை கட்டாயமாக்கப்பட்டது. நாங்கள் பள்ளியில் படித்த காலத்தில் சுவரெல்லாம் மண்டையோட்டுப் போஸ்டர். அந்தப் பாடத்தில் வளர்ந்த தலைமுறைதான் இன்று பெற்றோர். போதை என்றால் போலீஸ் என்பது மனதில் ஊறிப்போயிருக்கிறது.

நடப்பது இப்படி. பையனைக் கூட்டிப்போய் பாட்டிலில் சிறுநீர் எடுப்பார்கள். முதல் டெஸ்டில் பாசிட்டிவ் வந்தால் அந்தப் பாட்டில் சீல் வைத்து ஆய்வுக்கூடம் போகும். பையன் ஜாமினில் வீட்டுக்கு வரலாம். சில மாதம் கழித்து ரிப்போர்ட் வந்ததும் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். 1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 15-ஆம் பிரிவில், உட்கொண்ட குற்றத்துக்கு மட்டுமே 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் அல்லது இரண்டு வருடம் வரை சிறை. வழக்கை இழுக்க யாருக்கும் பணமில்லை, லீவும் இல்லை. அதனால் பெரும்பாலும் எல்லாரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வருகிறார்கள்.

என் தம்பிக்கு அபராதம் 2,000 வெள்ளி. அம்மா சங்கிலியை அடகு வைத்தார். கட்டியாச்சு, தலை முழுகியாச்சு என்று வீட்டுக்கு வந்து பசியாறினோம். தண்டனைக்குப் பிறகு இரண்டிலிருந்து மூன்று வருடம் கண்காணிப்பு உண்டு என்பது எங்கள் மூளையில் ஏறவே இல்லை. நீதிமன்றத்தில் மலாயில் படித்திருப்பார்கள், அவனும் தலையாட்டியிருப்பான். குறித்த தேதிகளில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், சிறுநீர் கொடுக்க வேண்டும். அவனுக்கு ஜொகூரில் லாரி அட்டெண்டன்ட் வேலை கிடைத்தது. போனான். வேலைக்குப் போனதுதான் நல்லது என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். கண்காணிப்பை மீறினான் என்று அடுத்த வழக்கு வந்தது. போதை எடுத்து மாட்டியது ஒருமுறை, வேலைக்குப் போய் மாட்டியது ஒருமுறை.

இந்தக் கணக்கு ஏறிக்கொண்டே போகும். அதே சட்டத்தில் 39சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஏற்கெனவே இரண்டுமுறை தண்டனை பெற்றவர், அல்லது இரண்டுமுறை மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பப்பட்டவர், அல்லது இரண்டும் ஒவ்வொருமுறை நடந்தவர், மறுபடி உட்கொண்டால் ஐந்திலிருந்து ஏழு வருடம் சிறை, மூன்று பிரம்படி வரை. விற்கவில்லை, கடத்தவில்லை, மறுபடி எடுத்தான், அவ்வளவுதான். இந்தப் பழக்கத்தின் இயல்பே மறுபடி விழுவது என்று வைத்தியம் சொல்கிறது. சட்டமோ அதற்கே தண்டனையைக் கூட்டிக்கொண்டு போகிறது. நம் சிறைகளில் பாதிக்கும் மேல் போதைப்பொருள் வழக்குக்காரர்கள் என்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இன்னொன்றையும் அந்த அக்காவிடம் சொன்னேன். நீங்கள் கூப்பிட்டு போலீஸ் வந்தால், அவர்கள் உங்கள் மகனை மட்டும் பார்க்க மாட்டார்கள், வீட்டையும் பார்ப்பார்கள். பெரியவன் வைத்திருக்கக் கொடுத்த பாக்கெட் சின்னவன் அலமாரியில் இருப்பது நம் ஊரில் நடக்காத விஷயமா? அளவு முக்கியம். 50 கிராம் சியாபு, 200 கிராம் கஞ்சா, 15 கிராம் ஹெராயின் இருந்தால் கடத்தல்காரன் என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது பையனின் வேலையாகிவிடும். 2023 ஜூலை 4 முதல் தூக்கு கட்டாயமில்லை. நீதிபதி 30 முதல் 40 வருடச் சிறையும் பிரம்படியும் கொடுக்கலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தண்டனையை மறுபடி பார்க்கச் சொல்லிக் கூட்டரசு நீதிமன்றம் போக வழி பிறந்தது. பெரிய மாற்றம்தான், நானும் அன்றைக்குக் கோயிலில் விளக்கு ஏற்றினேன். ஆனால் பத்தொன்பது வயதுப் பையனுக்கு முப்பது வருடம் என்றால் வெளியே வரும்போது ஐம்பதை நெருங்கியிருப்பான்.

அதற்காகப் போலீசைக் கூப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மகன் கத்தி எடுத்தால், தங்கச்சியை அடித்தால், தூங்காமல் நாலு நாள் இருந்து யாரோ கொல்ல வருகிறார்கள் என்று பாராங் கத்தியைத் தூக்கினால், 999-ஐக் கூப்பிடுங்கள். சியாபு அப்படியும் ஆக்கும். அந்த நேரத்தில் உயிர்தான் பெரிது, பிற்பாடு குற்ற உணர்ச்சிப்பட வேண்டாம். புத்தி வரட்டும் என்பதற்காக மட்டும் கூப்பிடாதீர்கள்.

அடுத்தது ஏஏடிகே, தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனம். இதற்கு இரண்டு முகம் இருப்பது பலருக்குத் தெரியாது. ஒன்று கட்டாயம். 1983-இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி, போதைக்கு அடிமை என்று சந்தேகப்படுகிறவரைப் பிடித்து, பரிசோதித்து, மாஜிஸ்திரேட் உத்தரவோடு இரண்டு வருடம் வரை மையத்தில் வைக்கலாம், வெளியே வந்த பிறகு இன்னும் இரண்டு வருடம் கண்காணிப்பு. பழைய ஆட்கள் செரெந்தி என்பார்கள், இப்போது பெயர் புஸ்பென். மையத்துக்கு அனுப்பாமல் வீட்டிலிருந்தபடியே இரண்டு மூன்று வருடக் கண்காணிப்பில் விடுவதும் உண்டு. போலீஸ் பிடித்த பையனை 15-ஆம் பிரிவில் நிறுத்துவதா, இந்தச் சட்டத்தில் கொண்டுபோவதா என்பது அதிகாரி கையில் இருக்கிறது, அம்மா கையில் இல்லை.

இரண்டாவது முகம், தானாகப் போவது. அதே 1983 சட்டத்திலேயே, போதைக்கு அடிமையானவர் தானே போய் சிகிச்சை கேட்க இடமுண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். 2010 முதல் கியூர் அண்ட் கேர் கிளினிக்குகள் வந்தன. பூட்டிய மையங்களுக்கு மாற்றாக, கதவைத் திறந்துவைத்து, வருகிறவர்களுக்குச் சிகிச்சை தர வேண்டும் என்ற எண்ணத்தில் தொடங்கியவை. 2024-இல் நாடாளுமன்றம் அந்த 1983 சட்டத்தையும் திருத்தியது. போக்கு மெல்ல மாறுகிறது.

இரண்டில் எது வேலை செய்கிறது? இதற்கு ஊகம் தேவையில்லை, நம் நாட்டிலேயே பார்த்திருக்கிறார்கள். 2012-க்கும் 2014-க்கும் இடையில் கிள்ளான் பள்ளத்தாக்கில், கட்டாய மையத்திலிருந்து வெளியே வந்தவர்களையும், தானாக வந்து மெத்தடோன் (ஹெராயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மருந்து) சிகிச்சை எடுத்தவர்களையும் ஆராய்ச்சியாளர்கள் பின்தொடர்ந்தார்கள். எல்லாரும் ஹெராயின் போன்ற ஓப்பியம் வகைக்கு அடிமையானவர்கள். கட்டாய மையத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் 31 நாளுக்குள் மறுபடி தொட்டுவிட்டார்கள். தானாக வந்தவர்களில் பாதிப்பேர் விழ 352 நாள் ஆனது. லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு இது. மாதக்கணக்கில் பூட்டி வைத்துவிட்டு வெளியே விட்டால் ஒரு மாதம்! இந்த எண்ணை முதலில் படித்த அன்று, அம்மா கட்டிய அபராதத்தையும், தம்பி இழந்த வேலையையும் நினைத்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம், தோட்டத்து ஆட்களுக்கு இரண்டு வருடம் என்பதன் கணக்கே வேறு. நாள்சம்பளம், கான்ட்ராக்ட் வேலை. ஒரு மாதம் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள். இரண்டு வருடம் கழித்து வருகிறவனுக்கு வேலை இல்லை, மோட்டாரை பேங்க் இழுத்துக்கொண்டு போயிருக்கும், பழைய நண்பர்கள் மட்டும் அதே மாமாக் கடையில் அதே மேசையில் இருப்பார்கள்.

மூன்றாவது வழி அரசாங்க கிளினிக்கும் ஆஸ்பத்திரியும். என் மனம் சாய்வது இங்கேதான், மறைக்கவில்லை. இந்த வழி நமக்கு எப்படித் திறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2002-இல் மட்டும் நாட்டில் ஏறக்குறைய ஏழாயிரம் பேருக்குப் புதிதாக எச்ஐவி கண்டுபிடிக்கப்பட்டது. பெரும்பாலும் ஊசி வழி. ஊசி வைத்திருந்தாலே பிடிப்பார்கள் என்ற பயத்தில் ஒரே ஊசியைப் பத்துப் பேர் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டதன் விளைவு அது. பிடித்துப் பிடித்து அடைத்த இருபது வருடத்துக்குப் பிறகுதான், 2005-இல் மெத்தடோன் சிகிச்சை, 2006-இல் சுத்தமான ஊசி மாற்றிக் கொடுக்கும் திட்டம் என்று அரசாங்கம் இறங்கி வந்தது. இன்று ஊசி வழியாக எச்ஐவி வருவது மிகவும் குறைந்துவிட்டது. தண்டனை சாதிக்காததை ஒரு கப் மருந்து சாதித்தது.

அந்தக் கப்பை நான் பார்த்திருக்கிறேன். காலையில் கிளினிக் திறந்ததும் மருந்துக் கவுண்டரில் வரிசை. மருந்தாளுநர் அளந்து, ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் கலந்து கொடுப்பார். அவர் கண் எதிரே குடிக்க வேண்டும். குடித்து முடித்ததும் ஏதாவது பேசிக்காட்ட வேண்டும். வாயில் அடக்கிக்கொண்டு வெளியே போய்த் துப்பி விற்கக் கூடாது என்பதற்காக. என் தம்பி தினமும் "தெரிமா காசே, மிஸ், சுடா மாக்கான்?" என்பான். நன்றி, சாப்பிட்டாச்சா என்று. அவர் சிரித்துக்கொண்டே "சுடா" என்பார். வருடக்கணக்காக அவனிடம் யாரும் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை, அவனும் யாரையும் கேட்டதில்லை. பல மாதம் ஒழுங்காகப் போன பிறகு வீட்டுக்கு எடுத்துப்போகவும் மருந்து கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் லாரி லைசென்ஸ், கல்யாணம் எல்லாம்.

ஆனால் இங்கே ஒரு முக்கியமான விஷயம். மெத்தடோன் ஹெராயின் வகைக்குத்தான் மருந்து. சியாபு வேறு ஜாதிப் பொருள். அதற்கு இதுபோல மாற்று மருந்து கிடையாது. "உங்க தம்பி குடிச்ச தண்ணி மருந்த என் மகனுக்கும் வாங்கித் தாங்க" என்றார் அந்த அக்கா. இல்லை அக்கா, இவனுக்கு வேலை செய்யாது என்று சொல்வதற்குள் எனக்கே தொண்டை அடைத்தது. சியாபுவுக்குச் செய்யக்கூடியது தொடர்ந்து ஆலோசனை, எந்த நேரத்தில் யாரோடு இருக்கும்போது கை தேடுகிறது என்று அவனையே கண்டுபிடிக்கவைத்து அதை மாற்றுவது, சந்தேகமும் காதில் குரலும் இருந்தால் அதற்கு மாத்திரை, தூக்கம், சாப்பாடு. மெதுவான வழி. ஆனால் வேலையை விடாமல் செய்யலாம்.

செலவு? மலேசியர்களுக்கு அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி, ஆஸ்பத்திரி நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. கிளினிக்கில் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி, மனநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்க வேண்டும். மனநலம் என்றதும் அக்கா எழுந்து நின்றுவிட்டார். "தஞ்சோங் ரம்புத்தானுக்கா டீச்சர்? எம்மவன் என்ன பைத்தியமா?" பேராக்கில் பிறந்தவர்களுக்கு அந்த ஊர்ப்பெயரே வசைச்சொல். அங்கே 1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இன்றும் இருக்கிறது. அங்கே மட்டும்தான் மனநல டாக்டர் என்ற காலம் போய்விட்டது, வெளிநோயாளியாகப் போய் மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சொல்லி உட்காரவைக்க ஒரு கோப்பி தேவைப்பட்டது. பைத்தியம் என்ற பெயருக்குப் பயந்து குற்றவாளி என்ற பெயரை வாங்கிக்கொள்ள வேண்டாம் அக்கா என்றேன்.

தனியார் மறுவாழ்வு இல்லங்களும் உண்டு. நல்லவை இருக்கின்றன, கோயிலோ சர்ச்சோ சார்ந்து மனதோடு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு நேர்ந்தது வேறு. தம்பியை ஓர் இல்லத்தில் சேர்த்தோம். மாதம் 800 வெள்ளி. மூன்றாவது மாதம் போனபோது கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டு. உள்ளே பதினெட்டுப் பேருக்கு ஒரு கழிவறை. டாக்டர் யார் என்று கேட்டதற்கு, இங்கே பிரார்த்தனைதான் டாக்டர் என்றார்கள். அன்றைக்கே கூட்டிவந்துவிட்டோம். சேர்க்கும் முன் அரசாங்க அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். எந்த டாக்டர், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார் என்று கேளுங்கள். பூட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

ஊர் மாற்றி அனுப்புவது, கிராமத்துச் சொந்தக்காரர் வீடு, அவசரக் கல்யாணம், இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழக்கம் கூடவே பஸ் ஏறிவிடும். சிங்கப்பூருக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே 15 கிராம் ஹெராயின் தாண்டினால் பொதுவாகத் தூக்குத்தான், இன்றும் நிறைவேற்றுகிறார்கள். நம் ஈப்போ பக்கத்துப் பையன் நாகேந்திரன் தர்மலிங்கத்தை 2009-இல் பிடித்தார்கள். 42.72 கிராம். 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். கடனுக்கும் பழக்கத்துக்கும் இடையில் மாட்டிய பையன்களைத்தான் தொடையில் பாக்கெட்டைக் கட்டி அனுப்ப ஆள் தேடுவார்கள்.

கடுமையைக் குறைத்தால் எல்லாப் பிள்ளைகளும் கெட்டுப்போவார்கள் என்ற பயம் எனக்கும் புரிகிறது. போர்ச்சுகல் 2001-லிருந்து, பத்து நாள் தேவைக்குள் வைத்திருப்பவரை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், ஆலோசகர்கள் இருக்கும் ஒரு குழுவின் முன் அனுப்புகிறது. விற்பது அங்கேயும் குற்றம்தான். இங்கேயும் 2019 ஜூனில் அன்றைய சுகாதார அமைச்சர் சுல்கிப்ளி அகமட், சிறிதளவு உபயோகிப்பதைக் குற்றமாகப் பார்க்கப்போவதில்லை என்று அறிவித்தார். அது சட்டமாகவில்லை. ஆகியிருந்தால் அந்த அக்கா மைலோ பாக்கெட்டோடு என்னிடம் வந்திருக்க மாட்டார், நேராகக் கிளினிக் போயிருப்பார். கடுமையான சட்டம் நம் வீடுகளுக்குச் செய்த பெரிய கெடுதல் சிறையைவிட இந்த ஒளித்துவைத்தல்தான். பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல், மாமனுக்குத் தெரியாமல், இரண்டு வருடம் மூன்று வருடம் அம்மாக்கள் மூடிவைக்கிறார்கள். வெளியே வரும்போது போலீஸ் ஜீப்பில் வருகிறது.

ஆகவே நான் சொன்ன வரிசை இது. முதலில் கிளினிக், நாளை மறுநாளே. அங்கே அவன் நிற்க ஆரம்பித்த பிறகு, துணைக்கு ஏஏடிகேயின் தன்னார்வச் சிகிச்சையைக் கேட்டுப் பார்க்கலாம். போகும் முன், இது கண்காணிப்பு உத்தரவா, வெறும் சிகிச்சையா என்று தெளிவாகக் கேட்டு, புரியாத மலாய்த் தாளில் கையெழுத்துப் போடாமல் வர வேண்டும். இல்லம் என்றால் நேரில் பார்த்த பிறகு. போலீஸ் உயிருக்கு ஆபத்து வந்தால். இதற்கிடையில் அவனே மாட்டிக்கொண்டால், தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர் வேண்டும் என்று அங்கேயே கேளுங்கள். கைதுக்கும் ரிமாண்டுக்கும் மலேசியர்களுக்கு இலவசம், 2012 முதல் இருக்கிறது. வழக்கறிஞரிடம் பேசாமல் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம். அபராதத்தோடு முடிந்துவிடும் என்று யார் சொன்னாலும், பின்னால் கண்காணிப்பு எத்தனை வருடம் என்று கேளுங்கள்.

ஒரு சிக்கல் மட்டும் என்னால் தீர்க்க முடியவில்லை. பையனுக்குப் பத்தொன்பது வயது. அம்மா கையெழுத்துச் செல்லாது, அவனேதான் போக வேண்டும். எப்படிக் கேட்பது என்று அக்கா கேட்டார். திட்டாமல், அழாமல், அவன் தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு கேளுங்கள், குழாய் கிடைத்தது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். என் தம்பியிடம் நாங்கள் அப்படிக் கேட்டதே இல்லை.

முதல் தேதிக்கு அவன் போகவில்லை. இரண்டாவது தேதிக்கு வாசல் வரை போய்த் திரும்பிவிட்டான். போன செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் நம்பர் கூப்பிடும் சத்தம். "டீச்சர், நம்பர் எடுத்துட்டான். நாப்பத்தி ரெண்டு. இப்ப முப்பத்தஞ்சு ஓடுது. பக்கத்துலதான் ஒக்காந்திருக்கான், அதான் மெதுவா பேசுறேன்."